மருந்தைக் காணாத விசாப் பரிசோதனை

டுபாயின் கராமாவில் அறைகளைப் பங்கிட்டு வாழும் எம்மவர் எவரும் வதிவிட விசாவைப் பெறவும் புதுப்பிக்கவும் குருதிப் பரிசோதனைக்குச் சென்றாக வேண்டும். எச்.ஐ.வி. தொற்று உறுதியானால் விசாவும் வேலையும் ஒருங்கே பறிபோகும்; நாடு கடத்தலே முடிவு. புறப்படுமுன் கொழும்பிலும் சென்னையிலும் வளைகுடா நாடுகள் அங்கீகரித்த நிலையங்களில் இதே பரிசோதனை நடைபெறுகிறது.

மருந்தில்லாக் காலத்தின் அச்சமே இவ்விதியின் அடிப்படை. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுக்களைக் கண்டறிந்தபோது, இதற்கென அங்கீகரிக்கப்பட்ட மருந்து உலகில் எங்கும் இருக்கவில்லை. 1996 அளவில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் டொலருக்கும் மேல் விற்ற அம்மருந்துகளை, 2001இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் 350 டொலருக்குத் தர முன்வந்தது. 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட இந்திய அரச மருத்துவமனைகளில் அவை இலவசமாயின.

இம்மருந்துகள் வைரசை முற்றாக அழிப்பதில்லை. அது தன்னைப் பிரதியெடுத்துப் பெருகுவதைத் தடுக்கின்றன. நாள் தவறாது உட்கொண்டால், குருதியில் வைரசின் அளவு கருவிகளால் கண்டறிய முடியாத நிலைக்கு இறங்குகிறது. அந்நிலையில் உள்ளவரிடமிருந்து பாலுறவின் வழியே தொற்றுப் பரவுவதில்லை. சென்னை உட்பட ஒன்பது நாடுகளின் நகரங்களில் 1,763 தம்பதியரிடையே நடந்த ஆய்வு, தொடக்கத்திலேயே தரப்படும் சிகிச்சை துணைவருக்குத் தொற்றுவதை 96 வீதத்தால் குறைத்ததென 2011இல் அறிவித்தது. தாய்மாருக்கும் இம்மருந்துகளை வழங்கிய இலங்கை, தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடென 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றது.

ஆயினும் விசாப் பரிசோதனை முதலில் தேடுவது, வைரசுக்கு எதிராக உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரியை. மருந்தினால் வைரசு அடங்கிய பின்னரும் அது குருதியில் நிலைத்திருக்கும். எனவே ஒழுங்காக மருந்து உண்பவரும், ஒருபோதும் உண்ணாதவரும் இப்பரிசோதனையின் முன் ஒன்றே. இதன் விளைவு யாது? ஐயமுள்ளவர் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார், சிகிச்சை பிந்துகிறது, மருந்து உண்ணாத அக்காலத்திலேயே தொற்றுப் பரவுகிறது. பொதுச் சுகாதாரத்தின் பெயரால் இயங்கும் விதி அதற்கே எதிராகிறது.

மாற்றம் இயலாததன்று. அமெரிக்காவும் சீனாவும் 2010இல் இத்தகைய நுழைவுத் தடைகளை நீக்கின. ஐக்கிய அரபு இராச்சியமே 2016இல், விசாவைப் புதுப்பிக்கும்போது காசநோய் கண்டறியப்படுவோர் சிகிச்சை பெறும் நிபந்தனையுடன் ஓராண்டு விசாவில் தங்க வழிசெய்தது. காற்றினால் பரவும் நோய்க்குக் காட்டிய அந்த நியாயத்தை, உடன் உண்பதாலோ உறங்குவதாலோ பரவாத நோய்க்கு மறுப்பது எவ்வகையில் பொருந்தும்? தொழிலாளரை அனுப்பி அந்நியச் செலாவணி ஈட்டும் கொழும்பும் புதுடில்லியும் இக்கேள்வியை எழுப்பியாக வேண்டும்.

அதுவரை எம்மவர்க்கு நாம் கூறக்கூடியது இதுவே: விசா மறுக்கப்பட்டதும் மனமுடைந்து, ஊரில் எவருக்கும் சொல்லாது மறைந்திருத்தல் வேண்டாம். இலங்கையிலும் இந்தியாவிலும் அரச மருத்துவமனைகளில் இம்மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. காலத்தோடு தொடங்கி இடைவிடாது உண்பவர், ஏனையோரைப் போலவே நீண்ட ஆயுளுடன் வாழலாம்.