புலி வருது, புலி வருது!

ஆலத்தியூரிலிருந்து கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

உங்கள் ஆண்டுவிழா போட்டோக்கள், நான் எடுத்த கேள்வித்தாள்கள் எல்லாம் என் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றக் காசு கொடுத்து ஒரு பேக்கப் மென்பொருள் போட்டேன். பெயர் வேண்டாம். மூன்று வாரமாகத் தினமும் சிவப்புக் கட்டம்: 'ரேன்சம்வேர் தாக்குதல்!' முதல் நாள் கை நடுங்கி நெட் வயரையே பிடுங்கிவிட்டேன். கடைசியில் பார்த்தால், போட்டோக்களுக்கு மொத்தமாகப் பெயர் மாற்ற நான் ஓட்டிய சின்ன புரோகிராம்தான் காரணம். ஒரே நேரத்தில் நிறைய ஃபைல் மாறினால் அதற்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "விடுங்க சார், அதை ஆஃப் பண்ணிடுங்க." ஐ.டி.யில் இருக்கும் என் மாணவர்களே இப்படிச் சொல்லலாமா?

நம் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கும்முன் சங்கு ஊதுவார்கள். வெடியே இல்லாமல் பத்து முறை ஊதினால், பதினோராவது முறை யார் ஒதுங்குவார்கள்? அதற்காகச் சங்கையே பிடுங்கி எறிவோமா? ஊதுகிறவனைத்தானே கேட்போம்!

பெரிய கம்பெனிகளும் தப்பு செய்திருக்கின்றன. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி, விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த ஃபைலையே வைரஸ் என்று ஒதுக்கியது. பல நாடுகளில் கம்ப்யூட்டர்கள் முடங்கின. 2022 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர், குரோமைத் திறந்தாலே ஆபத்து என்று கத்தியது. ஆனால் 2017 மே மாதம் வந்த வானாக்ரை பொய்யில்லை. அப்படி ஒன்று வரும் நாளில் அலாரம் ஆஃபில் இருந்தால், கெட்டுப்போன ஃபைல்களே பேக்கப்பிலும் போய் உட்காரும்.

நான் செய்தது இதுதான். எந்த ஃபைல், எந்த புரோகிராம் என்று முழுதாகப் படித்தேன். அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் விலக்கு கொடுத்தேன், முழு டிரைவுக்கு இல்லை. ஸ்கிரீன்ஷாட்டோடு கம்பெனிக்குப் புகார் எழுதினேன். இன்னொரு பிரதியை ஹார்டு டிஸ்கில் எடுத்து, கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன். எச்சரிக்கையில் போன் நம்பர் இருந்தால் மட்டும் கூப்பிடவே கூடாது. அது மோசடி.

காசு வாங்குகிறவன் சரியாக ஊத வேண்டும். அதைக் கேட்க வேண்டியது நாம். கேட்காமல் 'ஓகே' அமுக்கிப் பழகினால், நஷ்டம் நமக்குத்தான்.

கேள்வியைப் படிக்காமலே விடை எழுதியவர்கள் யார் யார் என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது!