இருண்ட காலமாம், இருண்ட காலம்!

மும்பை வந்து பன்னிரண்டு வருஷமாச்சு. எங்கள் கிளையில் உலக விஷயமெல்லாம் அலசப்படுவது மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான். போன வாரம், பாரிஸ் போய் வந்த சக அதிகாரி நோத்ர தாம் தேவாலயப் படங்களைக் காட்டிவிட்டு, "கட்டடம் பிரமாதம். ஆனா என்ன, இருண்ட காலம். மதத்தைத் தவிர ஒண்ணும் தெரியாத ஜனங்க" என்றார். பள்ளிக்கூடப் பரீட்சையில் இதையே எழுதி மார்க் வாங்கியவன்தான் நானும். இப்போது கேட்டால் எரிச்சலாக வருகிறது.

'காதிக்' என்ற பெயரே வசவுதான் ஐயா! காத் கூட்டம் ரோமைச் சூறையாடியது கி.பி. 410ல். இந்தப் பாணி பிறந்ததோ 1140களில், பாரிஸ் பக்கத்து சான் டெனி மடாலயத்தில். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 16ஆம் நூற்றாண்டில் வசாரி போன்ற இத்தாலியர்கள் 'காட்டுமிராண்டி வேலை' என்று ஒட்டிய சீட்டு இன்னும் கிழியவில்லை.

சரி, அந்த 'ஒண்ணும் தெரியாத' ஜனங்கள் என்ன செய்தார்கள்? 1163 வாக்கில் நோத்ர தாமைத் தொடங்கினார்கள். கூர்மையான வளைவுகள், விதானத்தின் பாரத்தைத் தூண்களுக்குக் கடத்தும் கல் விலாக்கள், வெளியிலிருந்து முட்டுக் கொடுக்கும் கல் கைகள். பாரம் குறைந்ததும் சுவர் இருந்த இடத்தில் வண்ணக் கண்ணாடி வந்தது. வெளிச்சத்துக்காக இத்தனை பாடுபட்டவர்களுக்குப் பெயர் இருண்டவர்கள்! 2019 ஏப்ரல் தீயில் மரக்கூரையும் ஊசிக் கோபுரமும் போயின. கல் விதானத்தில் பெரும்பகுதி தாங்கி நின்றது. 2024 டிசம்பரில் மறுபடி திறந்தாயிற்று.

இசைக்கு வாருங்கள். அதே தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லப்படும் லியோனின், பெரோடின் இருவரும், பழைய ஒற்றைக்குரல் ஜெபப்பாட்டின் சுரங்களை நீட்டி நிறுத்தி, அதன்மேல் வேறு குரல்களை ஓடவிட்டார்கள். 1200 வாக்கில் பெரோடின் நான்கு குரல் வரை போனார். நாலு பேர் பாடும்போது தாளம் பிசகக்கூடாதே? அந்தத் தேவையில்தான் கால அளவையும் குறிக்கும் எழுத்துமுறை அங்கே வளர்ந்தது. இன்றைக்கு சினிமா ஒலிப்பதிவில் வயலின் கூட்டம் தாளைப் பார்த்து வாசிக்கிறதே, அதன் வேர்களில் ஒன்று இது.

போர் இல்லையா, மத விசாரணைக் கொடுமை இல்லையா என்பீர்கள். இருந்தது. தாராளமாகப் பற்றில் எழுதுங்கள். வரவை மட்டும் மறைத்தால் எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் மோசடி.

நம் களப்பிரர் காலத்துக்கும் இதே சீட்டைத்தானே ஒட்டினோம்? பதினெண்கீழ்க்கணக்கில் பல நூல்கள் அந்தக் காலத்தவை என்கிறார்கள் அறிஞர்கள். நாம் படிக்காமல் விட்டதற்கு அந்தக் காலம் என்ன செய்யும்?

நண்பருக்குப் பெரோடின் பாட்டு ஒன்றை அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை :-)