பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் அசல் எஞ்சினா, நவீன எஞ்சினா? விதி சொல்வதும் சொல்லாததும்

புதுடெல்லி: அரை நூற்றாண்டைக் கடந்த ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின் பழுதடைந்தால், அதையே சீரமைப்பதா, நவீன எஞ்சினைப் பொருத்துவதா என்பது உரிமையாளரின் ரசனை சார்ந்த கேள்வி மட்டும் அன்று. இந்தியாவில் அது காரின் பதிவையே பாதிக்கக்கூடிய சட்டப் பிரச்சினையாகவும் உள்ளது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் அறிவித்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேலான இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை 'விண்டேஜ்' வகையில் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்கு ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000 கட்டணம். பதிவு 10 ஆண்டுகள் செல்லும்; எண் பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் இடம்பெறும். ஆனால் வாகனம் அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் செய்யும் மாற்றம் தகுதியிழப்புக்கு வழிவகுக்கும்.

நவீன எஞ்சினை ஆதரிப்போரின் வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியதன்று. உதிரிபாகம் கிடைப்பதில்லை, போக்குவரத்து நெரிசலில் பழைய எஞ்சின் சூடேறி நின்றுவிடுகிறது. எனினும் விண்டேஜ் பதிவு பெற்ற காரை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்ட அனுமதியே இல்லை. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் வெளிவரும் காருக்கு அந்த வாதம் பாதி வலுவிழக்கிறது.

சந்தையும் அசல் எஞ்சினின் பக்கமே நிற்கிறது. 1961-இல் 3.8 லிட்டர் எஞ்சினுடன் அறிமுகமான ஜாகுவார் இ-டைப் காரில், சேஸிஸ் எண்ணுடன் எஞ்சின் எண்ணும் தயாரிப்புத் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். காரை வாங்குவோர் முதலில் ஒப்பிடுவது அந்த எண்களைத்தான்.

உண்மையான சிக்கல் பெட்ரோல் நிலையத்தில் தொடங்குகிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது நாடெங்கும் விற்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் சீல்களையும் அரிக்கும். அவற்றை எத்தனாலைத் தாங்கும் பொருளுக்கு மாற்றி, கார்புரேட்டர் ஜெட்டுகளையும் திருத்தினால்தான் அசல் எஞ்சின் பிழைக்கும். இது பழுதுபார்ப்பா, மாற்றமா? பொது அறிவு பழுதுபார்ப்பு என்றே சொல்லும். ஆனால் இரண்டுக்கும் இடையிலான எல்லையை விதி தெளிவாக வரையவில்லை.

வெளிநாடுகளில் விவாதம் இன்னும் ஒரு படி முன்னே சென்றுள்ளது. 2017-இல் ஜாகுவார் நிறுவனமே மின்மோட்டார் பொருத்திய இ-டைப் காரைக் காட்சிப்படுத்தியது. அடுத்த ஆண்டு ஆஸ்டன் மார்ட்டின், அசல் எஞ்சினை மீண்டும் பொருத்தக்கூடிய வகையில் மின்மாற்றத் திட்டத்தை அறிவித்தது. பழங்கால வாகனங்களுக்கான சர்வதேச கூட்டமைப்பான ஃபீவா, மின்மயமாக்கப்பட்ட காரை வரலாற்று வாகனமாக ஏற்பதில்லை. மாற்றுவோர் கழற்றிய பாகங்களைக் குறியிட்டுப் பத்திரப்படுத்த வேண்டும் என்று பரிந்துரைக்கிறது.

இந்திய உரிமையாளர்களுக்கும் இது நடைமுறைக்கு உகந்த வழி. மாற்று எஞ்சின் ஏற்கெனவே பொருத்தப்பட்ட கார்களில், கழற்றிய எஞ்சின் பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் இருந்தால், அசல் வடிவத்துக்குத் திரும்பும் வாய்ப்பாவது மிஞ்சும்.