ஒன்றும் ஒன்றும் பூஜ்யம்

கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது ஹனூர். 1997-ல் சாமராஜநகர் மாவட்டம் பிரியும்வரை மைசூர் மாவட்டத்து ஊர். சிவராத்திரிக்கும் தீபாவளிக்கும் பக்தர்கள் நடந்தே கடக்கும் இந்தச் சாலையில் கன்னடமும் தமிழும் கலந்தே காதில் விழும். மாதேஸ்வரன் கதையைப் பாடும் கம்சாளே கலைஞர்களுக்கு ஒரு கையில் வெண்கலக் கிண்ணம், மறு கையில் கயிற்றில் ஆடும் வெண்கலத் தட்டு. இரண்டும் மோதினால் ஒரே ஒலி. வயர் இல்லை, வம்பும் இல்லை.

வம்பு மின்சாரத்தோடு வருகிறது. இப்படி ஓர் ஊரின் திருவிழாவுக்கு ஒரு மெல்லிசைக் குழு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கிதார் கலைஞர் முன்போல் கனத்த ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிவருவதில்லை. காலடியில் ஒரு டிஜிட்டல் பெட்டி. பெயர் ஆம்ப் மாடலர். பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர்கள், ஸ்பீக்கர் பெட்டிகள், எதிரொலிக் கருவிகள் அத்தனையின் குணங்களையும் கணக்குப் போட்டு உருவாக்கித் தருவது. 1998-ல் லைன் 6 நிறுவனத்தின் சிவப்பு நிற 'பாட்' இதைப் பரவலாக்கியது. 2011-ல் கெம்பர், 2015-ல் ஹீலிக்ஸ் என்று வரிசை நீண்டது.

வீட்டில் ஹெட்போனில் கேட்டபோது சொர்க்கம். எதிரொலி இடது காதிலிருந்து வலது காதுக்குத் தாவியது. மேடையில் அதே கிதார் சோகையாக ஒலிக்கிறது. கலைஞர் மைக் செட்காரரை முறைக்கிறார். மைக் செட்காரர் மிக்சரைத் திருகுகிறார். உண்மையில் குற்றவாளி இருவருக்கும் நடுவே ஓடும் வயர்.

கிதார் பிறவியிலேயே மோனோ. கம்பியின் அதிர்வு ஒரே சிக்னலாக ஒரே வயரில் வெளியே வருகிறது. பெட்டிக்குள்ளும் பாதி வழிவரை அப்படித்தான். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் மாதிரி எல்லாம் பெரும்பாலும் ஒற்றைப் பாதை. அதற்குப் பின் வரும் கோரஸ், டிலே, ரிவர்ப் ஆகியவைதான் பாதையை இடது, வலது என்று இரண்டாகப் பிரிக்கின்றன. இந்த வரிசையை மாற்றி, ஸ்டீரியோ டிலேவுக்குப் பின்னால் ஒரு மோனோ கருவியைச் செருகினால் அதுவரை விரிந்த ஒலி அந்த இடத்திலேயே ஒற்றையாகச் சுருங்கிவிடும். பிறகு எத்தனை ஸ்பீக்கர் வைத்தாலும் டிலே தந்த விரிவு திரும்பாது.

பெட்டிக்கு வெளியே ஆபத்துகள் மூன்று.

முதலாவது, இடது ஜாக்கை மட்டும் செருகுவது. பல பெட்டிகளில் 'லெஃப்ட்/மோனோ' என்று எழுதியிருக்கும். வலது ஜாக் காலியாக இருந்தால் இரண்டையும் கூட்டி இடதில் அனுப்பிவிடும். அந்த வசதி இல்லாத பெட்டியில், இடதும் வலதுமாகத் தாவும் எதிரொலியில் ஒன்று விட்டு ஒன்று காணாமல் போகும். தாளத்துக்குச் சரியாக அமைத்த எதிரொலி பாதி இடத்தில் மௌனம் காக்கும்.

இரண்டாவது, கூட்டல். ஒலியை அகலமாகக் காட்ட ஒரு பக்கத்தை நொடியில் நூறில் ஒரு பங்கு தாமதப்படுத்துவது பழைய தந்திரம். இரு காதுகளுக்கு அது பிரமாதம். இரண்டையும் ஒரே வயரில் கூட்டினால், ஓர் அலையின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுந்து 50, 150, 250, 350 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக ஒலி அழிகிறது. வரைபடத்தில் பார்த்தால் சீப்பின் பற்கள் போலிருக்கும். கிதாரின் உடம்பே இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. சோகைக்குக் காரணம் இதுதான்.

மூன்றாவதுதான் விசித்திரம். பெட்டியின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரே வயரை எடுத்து மிக்சரில் செருகுகிறார்கள். அந்த ஜாக்கில் நுனி இடது, வளையம் வலது. ஆனால் மிக்சரின் 'பாலன்ஸ்ட்' உள்வாய் இவற்றைக் கூட்டுவதில்லை. ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறது. நீண்ட வயரில் இரு கம்பிகளிலும் ஒரேபோல் ஏறும் இரைச்சலை நீக்கச் செய்த நல்ல ஏற்பாடு அது. இங்கே இரு பக்கமும் ஒரேபோல் இருப்பது கிதாரின் நேரடி ஒலி. இரைச்சல் என்று நினைத்து அதையே கழித்துவிடுகிறது. மிஞ்சுவது எதிரொலி மட்டும். கிதார் இல்லை, அதன் ஆவி இருக்கிறது. செல்போனிலிருந்து இதே வயரில் பாட்டுப் போட்டால் வாத்தியங்கள் ஒலிக்கும், பாடகர் மறைந்துவிடுவார்.

இந்தச் சிக்கலை முன்னோர்கள் அறியாமலில்லை. இங்கிலாந்தின் ஆலன் பிளம்லைன் 1931-ல் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கோரினார். அமெரிக்காவில் 1961-ல் எஃப்எம் ஸ்டீரியோ வந்தபோது, பழைய ரேடியோ வைத்திருந்தவர்களை யாரும் கைவிடவில்லை. இடதும் வலதும் கூட்டிய ஒலி முதன்மைப் பாதையில் போனது. இரண்டுக்குமான வித்தியாசம் தனியாகப் போனது. புது ரேடியோ பிரித்துக் கொடுத்தது, பழைய ரேடியோ முழுப் பாட்டையும் பாடியது. தமிழில் ஸ்டீரியோவில் பாடல்கள் பதிவான முதல் படம் என்று பெயர் பெற்றது 1978-ன் 'ப்ரியா'. இளையராஜாவின் அந்தப் பாடல்கள் ஒற்றை ஸ்பீக்கர் வானொலியிலும் ஒலித்தன, பாட்டு குறையவில்லை.

ரோலண்ட் நிறுவனம் 1975-ல் கொண்டுவந்த ஜாஸ் கோரஸ் 120 ஆம்ப்ளிஃபையர் வேறு வழி கண்டது. ஒரு ஸ்பீக்கரில் கிதாரின் நேரடி ஒலி, மற்றதில் சுருதி லேசாக ஆடும் ஒலி. இரண்டையும் வயரில் கலக்காமல் காற்றில் கலக்கவிட்டார்கள். ஆனால் அந்த அழகு இரண்டு ஸ்பீக்கருக்கும் எதிரே நிற்பவருக்குத்தான்.

திருவிழாவில் அப்படி நிற்பவர் எத்தனை பேர்? மேடைக்கு நேர் எதிரே, நடுவில் உட்கார்ந்த சிலர். மற்றவர்கள் ஒரு பக்கத்து ஸ்பீக்கர் அருகில் நிற்கிறார்கள். தெருவிலோ கம்பத்துக்குக் கம்பம் கட்டிய கூம்பு ஸ்பீக்கர்களில் ஓடுவது ஒரே சிக்னல். இடது கம்பத்துக்கு இடது பாதி, வலது கம்பத்துக்கு வலது பாதி என்று அனுப்பினால் இரு தரப்புக்கும் அரைப் பாட்டுதான் கிடைக்கும். மைக் செட்காரர் மோனோவில் ஓட்டுவது அறியாமையால் அல்ல. கடைசி வரிசைக்கும் முழுப் பாட்டு போக வேண்டும் என்பதால்.

ஆகவே இரண்டு எங்கே ஒன்றாக வேண்டும் என்பதைக் கலைஞரே முடிவு செய்வது நல்லது. இல்லாவிட்டால் வயர் முடிவு செய்யும். வேலையும் பெரிதல்ல. மேடைக்கென்று தனியாக ஒரு மோனோ அமைப்பைப் பெட்டியில் சேமிக்கலாம். தாவும் எதிரொலியைச் சாதாரண எதிரொலியாக்கி, தாமதத் தந்திரத்தை நீக்கலாம். ஹெட்போன் துளையை விட்டுவிட்டு மோனோ ஜாக்கில் செருகலாம். புறப்படும் முன் வீட்டிலேயே ஒற்றை ஸ்பீக்கரில் ஒருமுறை கேட்டுவிடலாம். அதில் நன்றாக ஒலிக்கும் கிதார் இரண்டு ஸ்பீக்கரில் இன்னும் நன்றாகவே ஒலிக்கும். இரண்டில் மட்டும் கேட்டுத் திருப்தியடைந்த கிதாருக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

மலைக்கு நடக்கும் பக்தர் சாலையோரம் ஒரு நிமிடம் நின்று கேட்பார். அவருக்கு மேலே இருப்பது ஒரே ஒரு கூம்பு.