ஒரு கயிறா, இரண்டு கயிறா?

மூன்று வாரமாக எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு தோணி கரை தட்டி நிற்கிறது. நீளம் 43 சென்டிமீட்டர். அடிப்பலகை, பக்கப்பலகை, சுக்கான் எல்லாம் முடிந்து, பாய்க்குத் தேயிலைச் சாறு போட்டுப் பழுப்பு நிறமும் ஏற்றியாயிற்று. கயிறு கட்டும் இடத்தில் வேலை நின்றுவிட்டது. மேசையை எப்போது காலி செய்வீர்கள் என்று வீட்டில் தினம் ஒரு முறை கேட்கிறார்கள்.

பாய்க்கப்பல் மாதிரி செய்து பார்த்தவர்களுக்கு இந்த நிலைமை புரியும். மரவேலைக்கு வரைபடம் நன்றாகவே வழிகாட்டும். குறுக்குவெட்டு இருக்கும், அளவு இருக்கும். கயிற்று வேலைக்கு வந்தால் அதே வரைபடம் ஊமையாகிவிடும். ஒரு மெல்லிய கோடு பாய்மர உச்சியிலிருந்து கிளம்பும், பாய்க்குப் பின்னால் போகும், அவ்வளவுதான். எங்கே இறங்குகிறது, எதில் கட்டியிருக்கிறது என்று தெரியாது. இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டினால் எது முன்னால், எது பின்னால் என்றும் தெரியாது.

நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரியில். படித்தது பிரெஞ்சு வழியில். வேலையும் அங்கேதான். ஓய்வு பெற்ற பிறகு மனைவியின் ஊரான மதுராந்தகத்துக்கு வந்துவிட்டேன். ஏரி ஊரில் உட்கார்ந்து கடல் தோணி செய்கிறானே என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

முதலில் செய்தது சலங்கு. துறைமுகம் இல்லாத புதுச்சேரியில், தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கிய படகு அது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைப் படித்தவர்களுக்குப் பெயர் பழக்கம்தான். பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள், அலை மோதினால் வளைந்து கொடுக்கும். துடுப்புப் போட்டுத் தள்ளுகிற படகாகத்தான் செய்தேன் என்பதால் எனக்குக் கயிற்றுத் தலைவலி இல்லை. தைப்பதற்குள் கண் வலித்தது, அது வேறு விஷயம்.

இந்தப் படகுகளையெல்லாம் அளந்து வரைந்து வைத்தவர் எத்மோன் பாரி என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி (1806-1893). எழுத்தில் 'பாரிஸ்' என்று இருந்தாலும் உச்சரிப்பு பாரிதான். முல்லைக்குத் தேர் கொடுத்த நம் பாரிக்கு ஒரு பிரெஞ்சுப் பெயரொப்பர்! உலகைச் சுற்றிய கப்பல்களில் வந்து, நின்ற துறைகளிலெல்லாம் உள்ளூர்ப் படகுகளை வரைந்தார். சோழமண்டலக் கரைக்கும் அவர் புத்தகத்தில் இடம் உண்டு. புதுச்சேரியில் ஓர் ஆலையைப் பார்க்கப் போனபோது இயந்திரத்தில் சிக்கி ஒரு கையை இழந்தார். அதற்குப் பிறகும் வேலையை விடவில்லை. 1840-களின் தொடக்கத்தில் அந்தப் பெரிய புத்தகம் வெளிவந்தது. 1871 முதல் பாரிஸ் கடற்படை அருங்காட்சியகத்துக்குத் தலைவராக இருந்து, தன் படங்களைக் கொண்டு மாதிரிகளும் செய்ய வைத்தார். இரண்டு கையும் இருக்கும் எனக்கு நூல் கோக்க முடியவில்லை என்று முணுமுணுக்க வெட்கமாகத்தான் இருக்கிறது.

என்னிடம் உள்ள தாள் அவர் கையால் வரைந்தது அல்ல. பழைய பிரெஞ்சுப் படங்களைப் பார்த்து யாரோ திரும்ப வரைந்து, அதன் நகலை என் தங்கை மகன் பிரான்சிலிருந்து அனுப்பினான். ஒற்றைப் பாய்மரத் தோணி. அளவுக்கு, திருகோணமலையில் கப்பல் கட்டும் அதிகாரியாக இருந்த ஜான் எடை என்ற ஆங்கிலேயர் 1834-இல் எழுதிய கட்டுரையைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். சுமார் 70 அடி நீளம், 20 அடி அகலம், 12 அடி ஆழம், தட்டையான அடி. ஐம்பதில் ஒரு பங்காக்கினால் என் மேசைக்குச் சரியாக வருகிறது.

தாளில் பாய்மர உச்சியிலிருந்து தோணியின் பக்கச்சுவருக்கு ஒரே ஒரு கோடு இறங்குகிறது. இடது பக்கம் உண்டு, வலது பக்கம் இல்லை.

ஐரோப்பியக் கப்பல் படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் உடனே சொல்வார்கள்: வரைந்தவர் சோம்பலில் ஒரு பக்கம் மட்டும் போட்டிருக்கிறார், மறுபக்கமும் அதே மாதிரி என்று எடுத்துக்கொள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். பிரெஞ்சில் 'ஓபான்' என்பார்கள், பாய்மரம் சாயாமல் இரு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் கயிறுகளை. அப்படி இரண்டு பக்கமும் கட்டினேன். பார்க்க மிக அழகாக இருந்தது.

இங்கே என் பழைய உத்தியோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரெஞ்சுக் காலத்து நொத்தேர் பத்திரங்களைப் படித்துத் தமிழில் சுருக்கம் எழுதுவது என் வேலைகளில் ஒன்று. அவற்றில் அடிக்கடி வரும் தொடர் 'கோம் துய்சாழ்', அதாவது 'வழக்கப்படி'. கிணற்றுத் தண்ணீர் வழக்கப்படி, நடைவழி வழக்கப்படி. எழுதியவர், விற்றவர், வாங்கியவர் மூவருக்கும் அந்த வழக்கம் தெரியும். எண்பது வருஷம் கழித்துப் பேரன்கள் சண்டைக்கு வரும்போது ஒருவருக்கும் தெரியாது. ஒருமுறை அப்படி ஓர் இடத்தில் நானாகவே 'இரு வீட்டாருக்கும் பொதுவான நடைவழி' என்று எழுதிவிட்டேன். மூலத்தில் 'பொது' என்ற சொல்லே இல்லை. எனக்கு நியாயமாகப் பட்டது, எழுதினேன். ஊகம் என்று ஓரத்தில் குறிக்கவும் இல்லை. அடுத்து வந்தவர்கள் என் சுருக்கத்தைத்தான் படித்தார்கள், பத்திரத்தை அல்ல. ஒரு வயதான அம்மாள் தன் கொல்லை வழியாக அடுத்த வீட்டார் போவதை நிறுத்த முடியாமல் இரண்டு வருஷம் அலைந்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

வரைபடத்தில் விட்டுப்போன கயிறும் அந்த 'வழக்கப்படி' மாதிரிதான் என்பது என் கட்சி. வரைந்தவருக்குத் தெரியாமல் விட்டது குறைவு. எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்து விட்டதுதான் அதிகம். ஐரோப்பியக் கப்பலாக இருந்தால் அந்த இடைவெளியை நிரப்ப அக்காலத்து நூல்களே உண்டு: 1794-இல் ஸ்டீல், 1808-இல் டார்சி லீவர். நம் காலத்தில் பிரெஞ்சுக்காரர் ழான் பூத்ரியோ 74 பீரங்கிக் கப்பல் ஒன்றைப் பற்றி மட்டும் நான்கு பாகம் எழுதினார். நம் தோணிக்கு என் கையில் அப்படி ஒரு பூத்ரியோ இல்லை. அதற்காக அவர்கள் நூலைப் பார்த்து நம் தோணிக்குக் கயிறு கட்டுவது, பக்கத்து வீட்டுப் பத்திரத்தைப் பார்த்து நம் வீட்டு எல்லையை எழுதுவது போலத்தான்.

நல்ல வேளையாக, இரண்டு பக்கமும் கட்டிய தோணியைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் முன் தாழ்வாரத்து மேசை விசிறிக்கு எதிரே வைத்தேன். விளையாட்டுப் புத்திதான். விசிறியை இடது பக்கம் வைத்தபோது பாய் ஒழுங்காகப் புடைத்தது. வலது பக்கம் மாற்றினேன். பாயைத் தாங்கும் பருமலை மரத்துக்கு மறுபுறம் கொண்டுபோக வேண்டும். போகவில்லை. நான் அழகாகக் கட்டிய கயிறு குறுக்கே நின்றது. பருமல் அதில் இடித்து, பாய் கயிற்றோடு சுற்றிக்கொண்டது. நிஜக் கடலாக இருந்தால் அன்றைக்கு என் மாலுமிகளின் கதி என்ன ஆகியிருக்கும்?

மறுநாள் காலை பேருந்து ஏறிச் சதுரங்கப்பட்டினம் போனேன். டச்சுக் கோட்டையைத் தாண்டிக் கடற்கரைக் குப்பத்தில், சின்ன வயதில் பாய் விரித்துக் கட்டுமரம் ஓட்டியவர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். எண்பதைத் தாண்டியவர். இப்போது கரையில் இருப்பதெல்லாம் ஃபைபர் படகும் இயந்திரமும்தான். சுனாமிக்குப் பிறகு கட்டுமரமே அரிதாகிவிட்டது, பாய்க்கு எங்கே போவது? தாளை விரித்துக் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, நான் கொண்டுபோன தோணியைத்தான் பார்த்தார்.

"ரெண்டு கயிறு எதுக்கு சார்?"

"மரம் சாயாம இருக்க, அண்ணே."

"காத்து ஒரு பக்கந்தானே வருது!"

அவ்வளவுதான். அவர் ஓட்டிய கட்டுமரத்தில் அந்தக் கயிறு ஒன்றே ஒன்றாம். காற்று வரும் பக்கம் கட்டுவார்கள். கச்சான் அடித்தால் மேற்கே, கொண்டல் வீசினால் கிழக்கே. பாயை மாற்றும்போது கயிற்றையும் அவிழ்த்து மறுபக்கம் கட்டுவார்கள். பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிற்றையும் ஏற்றி முடித்ததும் காற்று வரும் பக்கமாகவே இழுத்துக் கட்டினால் அதுவும் மரத்துக்குத் துணை. தாளில் இருந்த ஒற்றைக் கோடு அப்படியே சரியாக இருந்திருக்கலாம். கிறுக்கனாக நான்தான் இரண்டாவதைச் சேர்த்தேன்.

கட்டுமரத்து வழக்கம் 70 அடித் தோணிக்கு அப்படியே பொருந்துமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் தாளும் ஒற்றைக் கோடு காட்டுகிறது, விசிறியும் அதையே சொல்கிறது, கடலில் இருந்தவரும் அதையே சொல்கிறார். மூன்று சாட்சி சேர்ந்தால் எங்கள் அலுவலகத்தில் பட்டாவே மாற்றுவார்கள்.

இன்னொரு கட்சியும் உண்டு. தாளில் இல்லாத எதையும் கட்டாதே, இடத்தைக் காலியாக விடு என்பார்கள். நேர்மையான பேச்சு மாதிரி தெரிகிறது. ஆனால் முனை கட்டாமல் தொங்கும் கயிறும் ஒரு பொய்தானே? எந்தத் தோணியும் அப்படிக் கடலுக்குப் போனதில்லை. கட்ட வேண்டும், கட்டியது ஊகம் என்றால் அதை எழுதியும் வைக்க வேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒரு கண்காட்சியில் நம் கரைத் தோணி என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஏணி மாதிரி படிக்கயிறு, மூன்று வரிசைக் கப்பிகள், எல்லாம் ஆங்கிலப் போர்க்கப்பல் அலங்காரம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நின்று நோட்டில் வரைந்துகொண்டு போனார்கள். செய்தவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, நானும் அதைத்தான் செய்திருப்பேன். கீழே 'கயிறுகள் ஊகம்' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தால் போதுமே என்றுதான் ஆதங்கம்.

பாயின் கீழ் முனையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை நம்மவர்கள் தாமான் என்பார்கள். பிரெஞ்சில் அதன் பெயர் 'எகூத்'. 'கேள்' என்பதற்கும் அதே எழுத்து, அதே ஒலி. வாத்தியார் சொல்வதெழுதுதலுக்கு முன்னால் மேசையைத் தட்டி "எகூத்தே!" என்று அதட்டுவது இன்னும் காதில் இருக்கிறது. இரண்டு சொல்லுக்கும் உறவு கிடையாது, தற்செயல்தான். ஆனாலும் தாமான் முடிச்சுக்கு வந்தபோது தாளை மடித்து வைத்துவிட்டுப் பெரியவரிடமே கேட்டேன்.

என் நூலில் அவர் விரல்களால் முடிச்சுப் போட முடியவில்லை. இரண்டு முறை முயன்று சிரித்துவிட்டார். பிறகு ஒரு முழம் தேங்காய்நார்க் கயிற்றை எடுத்து, என்னை முனையைப் பிடிக்கச் சொல்லி, மெதுவாக மூன்று தடவை போட்டுக் காட்டினார். அந்த முடிச்சோடு கயிற்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அது தாழ்வாரத்து ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. அதைப் பார்த்துப் பார்த்து இடுக்கியால் கட்டிக்கொண்டிருக்கிறேன். அடுத்த சந்தேகம் அணியத்தில் இருக்கும் ஒரு கோடு. கடலூர் குப்பத்தில் அவருடைய மைத்துனர் இருக்கிறாராம், அவருக்குத் தெரியும் என்றார். வயது 86. ஞாயிற்றுக்கிழமையே போகிறேன்.