நேர்கோட்டுப் பந்தயமும் நமது சர்க்காரும்

நாற்கரச் சாலையோரம் குடியிருப்போருக்கு இரவு பத்து மணிக்கு மேல் ஒரு சப்தம் பழகிப் போயிருக்கிறது. இரண்டு மோட்டார் சைக்கிள்கள் ஒரே சமயத்தில் உறுமிப் புறப்பட்டு, அரை நிமிஷத்திற்குள் காதுக்கு எட்டாத தூரம் சென்றுவிடும். சில நாட்களில் அந்தச் சப்தம் நடுவழியிலேயே நின்றுவிடுகிறது. மறுநாள் பத்திரிகையின் மூலையில் இரண்டு வரிச் செய்தி வருகிறது; போலீஸார் வழக்குப் பதிவு செய்கிறார்கள்; பெரியவர்கள் காலம் கெட்டுவிட்டதென்று பெருமூச்சு விடுகிறார்கள். அத்துடன் விஷயம் முடிந்ததென்று ஊரார் எண்ணலாம், நாம் எண்ணவில்லை. வேகத்தில் வாலிபருக்குள்ள ஆசையைத் தண்டனை ஒன்றினாலேயே அடக்கிவிடலாமென்ற நம்பிக்கை நமக்கு எக்காலத்திலும் இருந்ததில்லை. அந்த ஆசைக்கு ஒரு களமும், ஒரு கட்டுப்பாடும், கூடி உழைக்கும் ஒரு கூட்டமும் வேண்டுமென்பதே நமது அபிப்பிராயம்.

இதே தொல்லையை அமெரிக்கர்கள் நமக்கு வெகுகாலம் முன்பே அனுபவித்தார்கள். கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் பழைய கார்களைப் பிரித்துப் பூட்டி ஓடவிட்ட இளைஞர்கள் 1937-இல் தமக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். யுத்தம் முடிந்து திரும்பிய வாலிபர்கள் ஊர்த் தெருக்களிலேயே ஓட ஆரம்பித்தபோது ஜனங்கள் கூக்குரலிட்டார்கள். அப்பொழுது சிலர் யுக்தியுடன் ஒரு காரியம் செய்தனர். 1950-இல் சாந்தா ஆனா என்னும் ஊரின் விமானத்தளத்தில் ஓடுபாதையைப் பந்தயத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். மறு வருஷமே வாலி பார்க்ஸ் என்பவர் தேசமெங்கும் உள்ள சங்கங்களை ஒன்று கூட்டினார். 1954-இல் அவர் அனுப்பிய நால்வர் ஒரு காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, பந்தயத்தை அபாயமின்றி நடத்தும் முறையை உள்ளூர்ச் சங்கங்களுக்குக் கற்பித்தார்கள். அந்த நால்வரில் ஒருவர் போலீஸ் உத்தியோகத்திலிருந்து வந்தவர் என்பதை நமது போலீஸ் சூப்பிரண்டெண்டுகள் கவனிப்பார்களாக.

'டிராக்' பந்தயம் என்று அவர்கள் வழங்குவது மிக எளிய விளையாட்டு. நின்ற இடத்திலிருந்து இரண்டு வண்டிகள் புறப்பட வேண்டும்; வளைவு கிடையாது; கால் மைல், அதாவது 1,320 அடி, ஓடி முடிக்க வேண்டும். சிறிய களங்களில் அரைக்கால் மைல் போதும். அரைக்கால் மைல் என்பது ஏறக்குறைய 201 மீட்டர். இந்தக் கணக்கைப் பார்த்தவுடன் கொங்கு நாட்டார் எவரும் நகைப்பார்கள். நமது ரேக்ளாப் பந்தயத்தின் தூரம் 200 மீட்டர், 300 மீட்டர் என்று வகுத்திருப்பது அவர்களுக்குத் தெரியாததா? பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் இளங்காளைகளுக்குக் குறைந்த தூரமும் முதிர்ந்த காளைகளுக்கு அதிக தூரமும் வைத்து, ஒவ்வொரு வண்டியாக விட்டு, விநாடியைப் பின்னமாக்கிக் கணக்கெடுத்து வெற்றி தீர்மானிக்கிறார்கள். காங்கேயம் காளைகளுக்குப் பதில் பெட்ரோல் எஞ்சினைப் பூட்டினால் அமெரிக்கர் பந்தயம் அதுவே. மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான கூத்து இது என்று சொல்லுவோருக்கு இவ்வளவே நமது பதில்.

ரேக்ளாக் களத்தை ஒரு முறையேனும் கண்டவர்கள் அங்கே வேறொரு விஷயத்தையும் கண்டிருப்பார்கள். ஓடுவது அரை நிமிஷத்துக்கும் குறைவு. அதற்காகக் கூடியிருப்பதோ நாள் முழுவதும். கோட்டருகே கொடி பிடித்து நிற்பவனும், எல்லையில் கூட்டத்தை விலக்குகிறவனும், தண்ணீர் கொண்டு வருகிறவனும் கூலிக்கு வந்தவர்களல்லர். ஒருவர் காளைக்கு ஜோடியாக மற்றொருவர் காளையைப் பூட்டி ஓட்டுவதும் உண்டு. ஓட்டம் தொடங்கும்போது எதிராளிகள். நுகத்தடி முறிந்தால் அதே எதிராளி தன் வண்டியை அவிழ்த்துக் கொடுக்கிறான். எதிரி தோற்க வேண்டும் என்று விரும்புகிற மனமே, அவன் ஓடாமல் தோற்பதை விரும்புவதில்லை.

மோட்டாரில் இவ்விதத் தோழமை தமிழ்நாட்டில் இல்லாமற் போகவில்லை. இரண்டாவது உலக யுத்த காலத்தில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் விமான ஓடுபாதை ஒன்று அமைக்கப்பட்டது. யுத்தம் முடிந்தபின் சும்மா கிடந்த அந்தச் சிமெண்டுத் தரையில், 1953-இல் ஸ்தாபிக்கப்பட்ட மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷங்கள் பந்தயம் நடத்தி வந்தது. கம்பெனிகளின் பணம் பின்னால் வந்தது. ஆதியில் வந்தவர்கள் வாரம் முழுவதும் அலுவலுக்கும் ஆலைக்கும் போய், ஞாயிற்றுக்கிழமை கையில் எண்ணெய்க் கறையோடு நின்றவர்கள். வீட்டுக்கு ஓடிய பியட் காரையே கூரையும் ஆசனமும் கழற்றிப் பந்தயத்துக்கு ஓட்டினவர்கள் உண்டு. அந்தச் சங்கத்தார் பிற்பாடு ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகத் தளமே கட்டிக்கொண்டனர். 1990 முதல் பந்தயங்கள் அங்கே நடைபெறுகின்றன. கால் மைல் ஓட்டமும் அங்கே நடந்திருக்கிறது. கோயமுத்தூரின் கரிவர்த்தன் தமது பட்டறையில் சின்னஞ்சிறு மாருதி எஞ்சினை வைத்துப் பந்தயக் கார் கட்டி, செல்வந்தரல்லாத வாலிபர்களும் ஓட்டப் பழகும்படி செய்தார். 1995-இல் அவர் அகால மரணமடைந்தது தேசத்துக்கே நஷ்டம். அத்தகைய வண்டியில் பழகிய கோயமுத்தூர் வாலிபர் நாராயண் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் முதல் இந்தியராக ஓடினார்.

இங்கே ஒரு பழைய ஞாபகம். சென்னையில் 1891-இல் சுகுண விலாச சபையை ஸ்தாபித்த பம்மல் சம்பந்த முதலியாரும் அவர் நண்பர்களும் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களுமாக இருந்தவர்கள். அவர்கள் ஊதியம் வாங்காமல் வேஷம் கட்டினார்கள். நாடகத்தை இழிதொழில் என்று கருதிய கனவான்களின் மனம் மாறியது. நமது தொழிலைச் சேர்ந்தவர்கள் செய்தது என்பதனால் இதைச் சற்றுக் கர்வத்தோடேயே குறிப்பிடுகிறோம். பிரியத்துக்காகச் செய்பவன் ஒரு காரியத்துக்குக் கொடுக்கும் மரியாதையைக் கூலிக்குச் செய்பவனால் எளிதில் கொடுக்க முடியாது.

இப்பொழுது நமது சமவெளிக்கு வருவோம். லாரிக்குக் கூண்டு கட்டுவதில் நாமக்கல்லுக்கு நிகர் நாமக்கல்லே. திருச்செங்கோட்டார் போர்வெல் வண்டிகள் இந்தியாவின் மூலைமுடுக்கெல்லாம் பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கின்றன. சேலத்தில் இரும்பை உருக்குவோரும் கடைவோரும் பற்றவைப்போரும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். வழியில் ஒரு லாரி நின்றால் பின்னால் வருகிற அந்நியன் இறங்கி ஜாக்கியைத் தூக்கிக் கொடுக்கும் வழக்கம் நமது டிரைவர்களிடத்தில் இன்னும் மாயவில்லை. எஞ்சினைக் காதால் கேட்டே நோயைச் சொல்லக்கூடிய மெக்கானிக்குகள் பதினெட்டு வயதிலேயே இங்கு உண்டாகிறார்கள். இவ்வளவு கைத்திறமையும் பகலில் முதலாளிக்கு உழைத்து, இரவில் நாற்கரச் சாலையில் உயிரை விடுவதா?

சட்டம் தடுக்கிறதே என்பார்கள். சட்டத்தை எடுத்து நிதானமாக வாசிக்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். 1988-ஆம் வருஷத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவு, மாகாண சர்க்காரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் பொது இடத்தில் பந்தயம் நடத்துவதையும் அதில் கலந்துகொள்வதையும் குற்றமாக்குகிறது. 2019-இல் செய்த திருத்தத்தால் முதல் குற்றத்துக்கு மூன்று மாதம் வரை சிறையும் 5,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். தண்டனை கடுமையாயிற்று, ஆயினும் 'சம்மதம் இல்லாமல்' என்ற வார்த்தைகள் அப்படியே இருக்கின்றன. சட்டமே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த வாசலில் ஏழைப் பட்டறைக்காரன் போய் நிற்க வழி தெரியாமலிருக்கிறான். பெரிய மனிதர்களுக்கு மாத்திரம் வழி தெரிந்தது. 2024 ஆகஸ்டு முடிந்து செப்டம்பர் தொடங்கிய இரு இரவுகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய பொதுச் சாலைகளிலேயே, சுமார் மூன்றரைக் கிலோமீட்டர் சுற்றில், ஒரு கம்பெனியார் சர்க்காரின் துணையுடன் விளக்கொளியில் கார்ப் பந்தயம் நடத்தினார்கள். அதை நாம் கண்டிக்கவில்லை. தலைநகரின் சாலையை மூடிச் சம்மதம் கொடுக்கக்கூடிய சர்க்காருக்கு, நாமக்கல் பக்கம் ஒரு தரிசு நிலத்தில் ஒரு காலைப் பொழுதுக்குச் சம்மதம் கொடுப்பது கஷ்டமாயிருக்க நியாயமில்லை.

அபாயத்தைப் பற்றி மறைத்துப் பேச நமக்கு விருப்பமில்லை. 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் அனுபவம் மிகுந்த ஓட்டுநர் ஒருவர் மாண்டார். அதே வருஷம் ஆகஸ்டில் அதே தளத்தில் பதின்மூன்று வயதுப் பாலகன் ஒருவன் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் மாண்டான். முறையான தளத்திலேயே இப்படி நேருமானால், சிறுவர்களை ஓடவிடுகிற யோசனைக்கு நாம் ஒருக்காலும் உடன்படோம். பதினெட்டு வயது நிரம்பாதவன் கோட்டருகே வரக்கூடாது. ஓடுகிற தூரத்தைக் காட்டிலும் நிற்பதற்கு அதிக தூரம் விட வேண்டும். இரண்டாவது அபாயம் பந்தயப் பணம். ரொக்கப் பரிசு நுழைந்தவுடன் சூதாட்டம் நுழையும். சூதாட்டம் நுழைந்தால் எதிராளிக்கு ஸ்பானர் கொடுப்பவன் எங்கே இருப்பான்? ஒரு கிண்ணத்துக்கு மேல் பரிசு கூடாதென்று நாம் பிடிவாதமாகச் சொல்லுவோம்.

விதிகளுக்கு அட்டவணை தேடி அலையவும் வேண்டியதில்லை. 2014-இல் சுப்ரீம் கோர்ட் ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடுத்தது. 2017-இல் மாணவர் கிளர்ச்சியை அடுத்து நமது சட்டசபை திருத்தச் சட்டம் செய்தது. 2023 மே மாதம் 18-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அத்திருத்தம் செல்லும் எனத் தீர்ப்பளித்தார்கள். அதன் கீழ் கலெக்டரின் அனுமதி, வைத்தியர் பரிசோதனை, களத்துக்கு வேலி, கூட்டத்துக்குத் தனியிடம் என்று விதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. காளைக்கு எழுதிய விதியை எஞ்சினுக்கு ஏற்பத் திருத்தி எழுத, சேலம், நாமக்கல் கலெக்டர்களுக்கு ஒரு வாரம் போதும்.

ஆகவே, இரு ஜில்லாக்களிலுமுள்ள மெக்கானிக்குகளும், லாரிக் கூண்டு கட்டுவோரும், இன்ஜினியரிங் கல்லூரி மாணவர்களும் ஒரு சங்கமாகக் கூடி, 189-ஆவது பிரிவைக் குறிப்பிட்டு, சர்க்காருக்கு எழுத்து மூலம் மனுச் செய்துகொள்ள வேண்டும். மனுவை எழுதிக் கொடுக்க இச்சபைக்கு வக்கீல் பீஸ் வேண்டாம். நமது காரியாலயத்தில் எந்த நாளும் மாலை ஐந்து மணிக்கு மேல் வரலாம். அறுபது நாட்களுக்குள் சர்க்காரிடமிருந்து சம்மதமோ மறுப்போ காரணத்துடன் வராவிட்டால், மனுவின் நகலையும் தேதியையும் இதே பத்தியில் வெளியிடுவோம்.