போர்டில் ‘பிரைவேட் லிமிடெட்’, கொப்பியில் ஒன்றுமில்லை

பசறை ரோட்டுப் பக்கம் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிற நண்பர் ஒருவர் எங்களுக்கு இருக்கிறார். போட்டோகொப்பி, பாஸ்போர்ட் சைஸ் படம், கல்யாணக் கார்ட், ரீலோட் எல்லாம் உண்டு. லயத்தில் பிறந்தவர், அம்மாவுக்கு வந்த சேமலாப நிதியை முதலாகப் போட்டு ஆரம்பித்த கடை. போன வருஷம் அதற்குப் புது போர்ட் மாட்டினார். பெயருக்குப் பின்னால் ‘பிரைவேட் லிமிடெட்’. நாங்களும் போய்க் கைகொடுத்து, கேக் சாப்பிட்டு, பேஸ்புக்கில் படம் போட்டோம். எங்களில் ஒருத்தர்கூட, "ஏன் அண்ணே கம்பனி?" என்று கேட்கவில்லை.

கேட்டது கணக்காளர்தான். அதுவும் எல்லாம் முடிந்த பிறகு. "தம்பி, வருஷ லாபம் இருபத்துநாலு இலட்சம். கம்பனிக்கு முப்பது வீதம். ஏழு இலட்சத்து இருபதாயிரம் வருது."

"சேர், கடையில நானும் தங்கச்சியும்தானே இருக்கோம்?"

"சட்டத்துக்கு நீங்க வேற, கம்பனி வேற தம்பி."

அந்த 720,000 ரூபா எங்கிருந்து வந்தது என்று தேடப்போய் நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம். எங்களில் யாரும் கணக்காளர் இல்லை. ஆனால் கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும் என்று இப்போது தெரிகிறது.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, பொதுவான கம்பனி வரி 28 வீதம். ஆனால் வருடாந்தப் புரள்வு 500 மில்லியன் ரூபாவுக்குக் குறைந்த சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு 14 வீதம்தான். 2020இல் பொது விகிதம் 24க்கு இறங்கியது, சிறியவர்களுக்கு அதே 14 தொடர்ந்தது. பிறகு 2022. நாடு கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்த வருஷம். அரசுக்குக் காசு தேவை, சர்வதேச நாணய நிதியம் வாசலில் நிற்கிறது. 2022 ஒக்டோபர் 1 முதல் பொது விகிதம் 30 ஆனது, சிறியவர்களுக்கான 14 இல்லாமலே போனது. கொழும்பில் இருக்கிற வங்கிக்கும் 30, பசறை ரோட்டில் இருக்கிற கொமினிகேஷன் கடைக்கும் 30.

வங்கிக்கு அது இரண்டு புள்ளி, ஆறு புள்ளி ஏற்றம். சின்னக் கம்பனிக்கு இரட்டிப்புக்கும் மேலே. எங்களுக்கு இது சரியாகப் படவில்லை. இங்கிலாந்தில் 2023 ஏப்ரலில் கம்பனி வரியை 25க்கு ஏற்றியபோதும், 50,000 பவுண் வரை லாபம் உள்ள கம்பனிக்கு 19ஐ வைத்திருந்தார்கள். மலேசியாவில் சிறு கம்பனியின் முதல் 150,000 ரிங்கிட்டுக்கு 15 வீதம், அதற்கு மேல் 17, அதற்கும் மேலேதான் 24. படிக்கட்டு வைத்துக் கட்டுகிற வரி ஒன்றும் உலகத்தில் இல்லாத சாமான் இல்லை.

சரி, சட்டம் அப்படி. நம்ம பக்கத்துப் பிழை என்ன?

அதே நண்பர் கம்பனி பதியாமல், பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரை மட்டும் பதிந்து, தனி உரிமையாளராக இருந்திருந்தால், கடை லாபம் அவருடைய சொந்த வருமானமாகவே கணக்கிடப்படும். 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபருக்கு வருஷம் 18 இலட்சம் வரை வரியே இல்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், பிறகு ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 18, 24, 30, மிச்சத்துக்கு 36. அவருடைய 24 இலட்சத்தில் 18ஐக் கழித்தால் 6 இலட்சம். அதில் 6 வீதம், 36,000 ரூபா.

திரும்பவும் வாசியுங்கள். ஒரே கடை, ஒரே லாபம், ஒரே மெஷின். ஒரு பக்கம் 36,000, மறுபக்கம் 720,000. நடுவில் இருக்கிறது ஒரு போர்ட்.

"பெரிய லாபம் வந்தா கம்பனிதானே நல்லது, 36ஐ விட 30 குறைவுதானே?" என்று எங்களிலும் ஒருத்தர் கேட்டார். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வெறும் விகிதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், இரண்டு வரியும் சமமாகிற இடம் வருஷ லாபம் 188 இலட்சம். அதற்குக் கீழே தனி ஆளாக இருப்பதுதான் மலிவு. அதுகூட லாபத்தைக் கம்பனிக்குள்ளேயே விட்டு வைத்தால்தான். பங்கிலாபமாக வீட்டுக்கு எடுத்தால் இன்னும் 15 வீதம் பிடிப்பார்கள். 100 ரூபா லாபத்தில் 30 போய், மீதி 70இல் 10.50 போய், கைக்கு வருவது 59.50. பதுளை பஸ் ஸ்டாண்டைச் சுற்றி 188 இலட்சம் லாபம் பார்க்கிற கடை எத்தனை இருக்கும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

கம்பனியே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. கடன் மூழ்கினால் வீடு வாசலுக்கு வராமல் இருக்க, ஏற்றுமதி ஓடர் எடுக்க, கூட்டாளிகளைச் சேர்க்க அது தேவைப்படும். மதிப்புக்காகப் பதிவதைத்தான் சொல்கிறோம். அந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் நமக்குத் தெரியும். நூற்றைம்பது வருஷமாக ‘கம்பனி’ என்றால் நம்ம தலைக்கு மேலே நின்ற ஒன்று. அந்தச் சொல் நம்ம பெயருக்குப் பின்னால் வரும்போது ஒரு நிமிர்வு வருவது இயல்புதான். ஆனால் கம்பனிக்குச் செயலாளர் வேண்டும், பதிவாளருக்கு வருஷா வருஷம் அறிக்கை போகணும், நட்டம் வந்த வருஷமும் வரிப் படிவம் நிரப்பணும். இதெல்லாம் போர்ட் அடிக்கிற இடத்தில் யாரும் சொல்லுவதில்லை.

ஏற்கனவே பதிந்துவிட்டவருக்கும் வழி இருக்கிறது, நண்பருக்கு அந்தக் கணக்காளர் காட்டியதும் அதைத்தான். கம்பனி அவருக்கு மாதம் 150,000 சம்பளம் கொடுக்கலாம். அது வருஷத்துக்கு 18 இலட்சம், அவர் கையில் அதற்கு வரி இல்லை. கம்பனிக்கு அது செலவு. கூடவே சேமலாப நிதிக்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், மொத்தம் 270,000 கட்டணும், அதுவும் செலவு. மிச்சம் 330,000, அதற்கு 30 வீதம் 99,000. ஏழு இலட்சம் ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்கியது. இதில் களவு எதுவும் இல்லை. இரண்டு பில் புத்தகம் வைத்து விற்பனையை மறைப்பது வேறு, சட்டம் திறந்து வைத்த கதவால் போவது வேறு.

இங்கேதான் தங்கச்சியின் கதை வருகிறது. காலை எட்டு மணிக்குக் கடை திறப்பது அவர், டைப் அடிப்பது அவர், கரண்ட் பில் கட்டுவது அவர். கணக்கில் அவர் பெயரே இல்லை. ‘வீட்டு ஆள்தானே.’ அவர் செய்கிற வேலைக்கு முறையாகச் சம்பளம் போட்டால் அது கடையின் செலவாகக் கழியும். அதைவிட முக்கியம், அவர் பெயரில் ஒரு சேமலாப நிதிக் கணக்கு ஓடும். அந்த நிதியின் அருமையை நமக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் கடையே அதில்தான் நிற்கிறது. அம்மாவுக்குத் தோட்டம் கட்டியதை, மகளுக்கு அண்ணன் கட்டவில்லை என்பதை நாங்களும் அன்றைக்குத்தான் கவனித்தோம்.

செலவு எல்லாம் கழியுமா? கழியாது. கடை வாடகை, கரண்ட், பேப்பர், மை கழியும். தேர்த் திருவிழா உபயமும் மச்சானுக்கு வாங்கின போனும் கழியாது. ஆறு இலட்சத்துக்கு வாங்கின போட்டோகொப்பி மெஷின் ஒரே வருஷத்தில் கழியாது, ஐந்து வருஷத்துக்கு 120,000 வீதம் கழியும். கடைக்காக எடுத்த கடனின் வட்டி கழியும், ஆனால் கடதாசி வேண்டும். நாள் வட்டிக்காரர் எந்தக் காலத்தில் ரசீது எழுதித் தந்தார்?

2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தபோது பதுளை மாவட்டத்தில் எத்தனை இடத்தில் மண் சரிந்தது என்று உங்களுக்குத் தெரியும். ரோட்டோரக் கடைகளுக்குள் சேறு புகுந்தது, சாமான் போனது. ஒரு வருஷத்தில் வந்த வியாபார நட்டத்தை அடுத்த ஆறு வருஷம் வரை லாபத்திலிருந்து கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் கடையில் என்ன இருந்தது, என்ன விலைக்கு வாங்கினது என்று எழுதி வைத்தவருக்கும், படிவம் கொடுத்தவருக்கும்தான் அது. நாங்கள் பேசிப் பார்த்த கடைக்காரர்களில் பலருக்குக் கணக்கு தலைக்குள்ளே இருந்தது. தலைக்குள் இருப்பதை எந்த அதிகாரியும் ஏற்கமாட்டார்.

"டின் எடுத்தா டெக்ஸ் கட்டணும்" என்கிற பயம் இன்னும் போகவில்லை. டின் என்பது ஒரு இலக்கம், அவ்வளவுதான். 18 வயதைத் தாண்டியவர்கள் எல்லாரும் எடுக்கணும் என்று 2024இல் வந்தது. வருமானம் 18 இலட்சத்தைத் தொடாவிட்டால் வரி இல்லை. சொல்லப்போனால், நிலையான வைப்பில் காசு போட்டிருக்கிற பாட்டியின் வட்டியில் வங்கி 2025 ஏப்ரல் முதல் 10 வீதம் பிடிக்கிறது. அவர் வருமானம் எல்லைக்குக் கீழே என்று பிரகடனம் எழுதிக் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். எழுதிக் கொடுக்க ஆள் இல்லாத வீடுகளில் அந்தக் காசு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. வரிக்குப் பயந்தே வரி கட்டுகிறோம்.

மொழியையும் சொல்லத்தான் வேண்டும். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. எங்களில் இருவர் விளக்கம் கேட்டு ஒரு அலுவலகத்துக்குப் போனபோது கையில் கிடைத்தது சிங்களக் கடிதம், வாய்வழி விளக்கமும் சிங்களத்தில். எங்களுக்குச் சிங்களம் பேச வரும். ஆனால் ‘பெறுமானத் தேய்வு’ பேச்சுச் சிங்களத்தில் வருவதில்லை. நம்ம பக்கத்து எம்பிமார்கள் சம்பளப் பிரச்சினையைப் பேசுவது நியாயம். லயத்திலிருந்து டவுனுக்கு வந்து சலூன், பேக்கரி, எல்லயில் ஹோம்ஸ்டே என்று தொடங்கியிருக்கிற அடுத்த தலைமுறைக்காகச் சின்னக் கம்பனிகளின் வரிப் படிக்கட்டைத் திரும்பக் கேட்பதும் அவர்கள் வேலைதான். இதுவரை கேட்டதாக எங்கள் காதுக்கு வரவில்லை.

நண்பர் போர்டைக் கழற்றவில்லை. கம்பனியை மூடுவதும் லேசான வேலை இல்லையாம். தங்கச்சிக்குச் சம்பளம் போட ஆரம்பித்துவிட்டார். கவுண்டரில் இப்போது ஒரு சீஆர் கொப்பி இருக்கிறது, எழுதுவது தங்கச்சிதான். போன கிழமை போட்டோகொப்பி எடுக்கப் போன எங்களிடம் மூன்று பக்கத்துக்குப் பில் நீட்டினார்.

"எங்களுக்குமா?" என்றோம்.

"ஏன், நீங்க கஸ்டமர் இல்லியா?"